குடித்தனச் சாமான்களுக்குச் சுங்கமா?

கடல் கடந்து குடிபெயரும் ஏழைக் குடும்பம் ஒன்று தன்னோடு கொண்டுவருவது என்ன? சமைத்த பாத்திரங்கள், படுத்த பாய் தலையணை, ஒரு தையல் மெஷின், பிள்ளைகளின் புஸ்தகங்கள், ஒரு பீரோ, இரண்டு கட்டில், சுவாமி படங்கள், ஏறக்குறைய இவ்வளவே. இவை துறைமுகத்தில் இறங்கும்போது, “இவை விற்பனைக்கு வந்தனவா, வீட்டுக்கு வந்தனவா?” என்பதே சுங்க உத்தியோகஸ்தர் கேட்க வேண்டிய முதற் கேள்வி. ஆனால் பெரும்பாலான தேசங்களின் சட்டங்கள் அவரை வேறு கேள்விகள் கேட்கச் சொல்கின்றன. “நீ அங்கே எத்தனை மாதம் இருந்தாய்? எந்தத் தேசத்துப் பிரஜை? வாச உரிமைச் சீட்டு உண்டா?” என்பன அவை. இவற்றுக்குத் தக்க விடை சொல்லக் கூடியவன் வரியின்றிப் போகிறான். சொல்ல இயலாதவன், தான் பல வருஷம் படுத்தெழுந்த கட்டிலுக்கு இறக்குமதித் தீர்வை கட்டுகிறான். இம்முறை நியாயமன்று என்பதும், குடித்தனச் சாமானுக்குச் சாமானின் தன்மையைக் கொண்டே தீர்வை நிர்ணயிக்க வேண்டுமென்பதும் நமது அபிப்பிராயம்.

சுங்கமே கூடாதென்று வாதிப்பவரல்லோம் நாம். உல்கு என்ற பெயரால் சுங்கத்தைத் தமிழர் பண்டுதொட்டு அறிவர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே இறங்கிய மூட்டைகளுக்கும் ஏறிய மூட்டைகளுக்கும் சோழனின் புலி முத்திரை பொறிக்கப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலையிற் காண்கிறோம். 1070-ஆம் வருஷத்தில் பட்டமெய்திய முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று போற்றப்பட்டதிலிருந்தே, சுங்கம் எவ்வளவு வேரூன்றிய வழக்கமாயிருந்தது என்பது விளங்கும். சுதேசித் தொழிலைக் காப்பாற்ற இறக்குமதித் தீர்வை ஓர் ஆயுதம் என்பதிலும் நமக்கு ஐயமில்லை. 1896-ஆம் வருஷத்தில் அன்னிய சர்க்கார் லங்காஷயர் முதலாளிகளின் நலத்தைக் கருதி, இறக்குமதித் துணியின் மீதிருந்த தீர்வையை மூன்றரை சதவிகிதமாகக் குறைத்து, அதே மூன்றரை சதவிகித வரியை நமது மில் துணியின் மீதும் சுமத்தியதைத் தேசபக்தர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீர்வையை முறைதவறிப் பிரயோகித்தால் ஒரு தேசத்தின் கைத்தொழிலே நசித்துப்போகும் என்பதற்கு அது சாட்சி. அதே தீர்வை குடிபெயரும் ஏழையின் சட்டிபானை மீது பாயுமானால், அதுவும் முறைதவறிய பிரயோகமே. பழைய கட்டில் எந்தத் தச்சனின் தொழிலையும் கெடுப்பதில்லை. உபயோகித்த தையல் மெஷின் எந்தத் தொழிற்சாலையின் கதவையும் அடைப்பதில்லை. இச்சாமான்களைத் தடுத்து வளரக்கூடிய சுதேசித் தொழில் எதுவும் இல்லை.

இவ்விஷயத்தைத் தூத்துக்குடியிலிருந்து பார்ப்பது பொருத்தமாகும். கடல் கொடுப்பதில் சர்க்கார் பங்கு கேட்பது இக்கரைக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையில் மரிச்சிக்கட்டி முதலிய இடங்களில் நடந்த முத்துச் சிலாபங்களுக்கு, தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் முத்துக் குளிப்போர் தோணியேறிப் போனார்கள். எடுத்த சிப்பியெல்லாம் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு குவியல் சர்க்காருக்கு. ஒன்று, உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்களுக்கு. அது கடுமையான பங்கீடுதான். ஆயினும் பங்கிடப்பட்டது கடலடியிலிருந்து அன்று எடுத்த புதுச் செல்வம். நம் கரையில் 1961-ஆம் வருஷத்தோடு முத்துச் சிலாபம் நின்றுபோயிற்று. கடல் கடந்து பிழைக்கப் போகும் வழக்கமோ நிற்கவில்லை. பிழைக்கப் போனவன் திரும்பிவரும்போது அவன் மூட்டையில் இருப்பது புதுச் செல்வமன்று. வாங்கிய நாளிலேயே விலையும் வரியும் கொடுத்து, உபயோகித்துத் தேய்ந்த பொருள்.

1876-ஆம் வருஷத்தில் ரெயில் தூத்துக்குடியை எட்டிற்று. அதன் பின்னர், 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வழி ஏற்படும் வரையில், சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரெயிலில் இங்கு வந்து இறங்கிக் கப்பலேறுவதே பிரதான மார்க்கமாயிருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலியாட்களைத் தட்டப்பாறையிலிருந்த முகாமில் தங்கவைத்துச் சோதித்த பின்பே கப்பலேற்றினார்கள். இந்தக் கடல்வழியை அன்னியக் கம்பெனியின் ஏகபோகத்திலிருந்து விடுவிப்பதற்காகவே ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஸ்தாபித்தார்கள். இதே கடலைக் கடந்து இலங்கைக்குப் போன தோட்டத் தொழிலாளரின் சந்ததியார்தான், பின்னாளில் வாச உரிமையற்றவர்களாகித் தங்கள் உடைமையை மூட்டை கட்ட நேர்ந்தவர்கள்.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் வருஷத்திலேயே, அங்கு நிறைவேறிய பிரஜா உரிமைச் சட்டத்தினால் மலைநாட்டுத் தமிழர் லக்ஷக்கணக்கில் எந்தத் தேசத்துக்கும் பிரஜைகளல்லாதவர்களாக ஆனார்கள். 1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஸ்ரீ லால்பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜா உரிமை அளிப்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை லக்ஷம் பேர் 1974-இல் இரு தேசங்களுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். சம்பந்தப்பட்ட ஜனங்களைக் கலந்து பேசாமலே செய்யப்பட்ட ஏற்பாடு அது. எனினும் அதில் நமது விஷயத்துக்கு முக்கியமான ஷரத்து ஒன்று உண்டு. இந்தியாவுக்குப் புறப்படுகிறவர்கள், அமலிலுள்ள அன்னியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டு, பிராவிடெண்ட் பண்டு, கிராஜுவிட்டி உள்ளிட்ட தங்கள் சொத்து முழுவதையும் கொண்டுபோகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்ச அளவை ரூ. 4,000-க்குக் கீழே குறைக்கலாகாது என்பதே அது.

இரண்டு மூன்று தலைமுறைகள் உழைத்த ஒரு குடும்பத்துக்கு நாலாயிரம் ரூபாய் என்பதைத் தாராளமென்று யாரும் சொல்லத் துணியார். ஆயினும் அந்த ஷரத்திலே ஒரு நற்கொள்கை அடங்கியிருக்கிறது. குடிபெயருகிறவன் எந்த நாட்டுக்கும் பிரஜையாக இல்லாத நிலையிலும், அவனுடைய உடைமை அவனைத் தொடர்ந்து போகவேண்டும் என்பதை இரு அரசாங்கங்களும் எழுத்திலே ஒப்புக்கொண்டன. ‘உனக்கு வாச உரிமை இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு விடையில்லாத மனிதனுக்கும் சட்டி, பானை, சேமிப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டன. 1964-இல் ஏற்றுக்கொண்டதை இன்றைய சுங்கச் சட்டம் ஏன் பொது விதியாக்கக் கூடாது என்பதே நமது கேள்வி.

இனி நம் நாட்டு விதியைப் பார்ப்போம். 2016-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த பிரயாண மூட்டை விதிகள், குடிபெயர்ந்து வருகிறவர்களின் வீட்டுச் சாமானுக்குச் சலுகை அளித்தன. ஆனால் சலுகையின் அளவு, வெளிநாட்டில் இருந்த காலத்தைப் பொறுத்தது. மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை இருந்தவருக்கு ரூ. 60,000, ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை இருந்தவருக்கு ரூ. 1,00,000, முந்தைய இரண்டு வருஷத்தில் ஒரு வருஷமேனும் இருந்தவருக்கு ரூ. 2,00,000, இரண்டு வருஷமும் அதற்கு மேலும் இருந்தவருக்கு ரூ. 5,00,000. குறைந்த காலத்துக்கான பிரிவுகள் ‘இந்தியப் பிரயாணி’ என்ற சொல்லால் வரையறுக்கப்பட்டிருந்தன. ஐந்து லக்ஷம் பெறவேண்டியவர், அந்த இரண்டு வருஷத்தில் விடுமுறைக்கென்று இந்தியாவில் தங்கிய நாட்கள் மொத்தம் ஆறு மாதத்துக்கு மேற்படலாகாது. இவ்வரம்புகளைக் கடந்த மதிப்புக்கு 35 சதவிகிதத் தீர்வை; 2018 முதல் சமூக நலக் கூடுதல் வரியும் சேர்ந்து 38.5 சதவிகிதம் ஆயிற்று. தொகைகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுபவை. அவற்றின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி நாம் இங்கு வாதிக்கவில்லை. மாதக் கணக்கே அளவுகோல் என்ற முறையைப் பற்றியே பேசுகிறோம்.

உதாரணமாக, இக்கரையைச் சேர்ந்த இரு தொழிலாளர் ஒரே நாளில் வளைகுடா நாடொன்றுக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே கடையில் ஒரே மாதிரிச் சாமான் வாங்கிக் குடித்தனம் நடத்துகிறார்கள். ஒருவனது கம்பெனி பதினோராம் மாதத்தில் மூடப்படுகிறது. மற்றவன் பதின்மூன்று மாதம் வேலை பார்த்துத் திரும்புகிறான். இருவருடைய சாமானும் பின்னால் கப்பலில் வருகின்றன. ஒவ்வொன்றின் மதிப்பும் ரூ. 1,50,000. மேற்படி 2016-ஆம் வருஷ விதிப்படி, பதின்மூன்று மாதக்காரன் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. பதினோரு மாதக்காரனோ, ஒரு லக்ஷம் போக மிகுதி ரூ. 50,000-க்கு 38.5 சதவிகித வீதம் ரூ. 19,250 கட்டவேண்டும். உத்தியோகம் நிலைத்தவனுக்குச் சலுகை. உத்தியோகம் போனவனுக்குத் தீர்வை! சாமானில் வித்தியாசம் இல்லை, துரதிர்ஷ்டத்தில்தான் வித்தியாசம். துரதிர்ஷ்டத்துக்கு வரி விதிக்கும் சட்டத்தை நியாயமென்று எங்ஙனம் சொல்வது?

இப்படித் திடீரென்று திரும்ப நேர்வது அரிய சம்பவமென்று யாரும் எண்ண வேண்டாம். 2020-ஆம் வருஷம் கொரோனாத் தொற்று பரவிய காலத்தில், ஜூன் மாதத்திலே ஐ.என்.எஸ். ஜலாஷ்வா என்னும் கடற்படைக் கப்பல் கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் ஒவ்வொரு நடைக்கும் நூற்றுக்கணக்கான இந்தியரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது. ஜூலை முதல் தேதி ஈரானிலுள்ள பந்தர் அப்பாஸிலிருந்து வந்த நடையில் நமது மீனவர்களும் இருந்தார்கள். இம்மாதிரி அவசரப் பயணத்தில் எவரும் பீரோவையும் கட்டிலையும் சுமந்து வர இயலாது. பின்தங்கிய சாமானை நண்பர் மூலமாகவே அனுப்பச் சொல்ல வேண்டும். 2016-ஆம் வருஷ விதியிலோ, கூட வராத மூட்டை ஒரு மாதத்துக்குள் அங்கிருந்து புறப்பட வேண்டும். தாமதமானால் உத்தியோகஸ்தர் மனமிரங்கி அவகாசம் தரவேண்டும். அவகாசம் கொடுக்கும் அதிகாரம் இருப்பது நல்லதே. ஆயினும் ஏழையின் உரிமை ஓர் உத்தியோகஸ்தரின் தயவாக இருத்தல் தகாது.

நிற்க. வேலைக்குப் போய்வருபவனுக்கேனும் பாஸ்போர்ட்டும் ஒப்பந்தச் சீட்டும் இருக்கின்றன. இவை எதுவுமில்லாத ஒரு கூட்டத்தார் நம் மத்தியிலேயே வாழ்கிறார்கள். 1983-ஆம் வருஷத்துக் கலகத்துக்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களும், அவர்களுக்கு இங்கே பிறந்த மக்களுமே அவர்கள். முகாமிலே பிறந்து, இங்குள்ள பள்ளியிலே படித்து, இந்நாட்டுப் பிரஜையும் ஆகாமல் நிற்கும் இளைஞன் யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ போவானாகில், அவன் ஊர் திரும்புகிறானா, வெளிநாடு போகிறானா? அவன் வெளிநாட்டில் ‘தங்கிய காலம்’ என்று எதைக் கணக்கிடுவது? பிறந்ததிலிருந்து இங்கேயே இருந்தும், சட்டத்தின் கண்ணுக்கு இங்கே அவனுக்கு வாசமில்லை. அங்கே அவன் அடி வைத்ததே இல்லை.

இக்கேள்வி தூத்துக்குடித் துறைமுகத்திலேயே ஒருமுறை எழுந்தது. 2011-ஆம் வருஷம் ஜூன் 13-ஆம் தேதி ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பிரயாணத்தைத் தொடங்கிற்று. அவ்வருஷம் அக்டோபரில், ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஹைகமிஷனர் காரியாலயத்தின் உதவியோடு அகதிக் குடும்பங்கள் சில அக்கப்பலில் தாயகம் திரும்பின. அதற்கு முன் அவர்களை ஆகாய விமானத்திலேயே அனுப்பி வந்தார்கள். விமானத்திலே எடைக் கட்டுப்பாட்டினால் உடுப்புப் பெட்டிக்கு மேல் கொண்டுபோவது அரிது. கப்பலிலோ வீட்டுச் சாமானையும் ஏற்றலாம். இடிந்த வீட்டுக்குத் திரும்பும் குடும்பத்துக்கு, இங்கே சிறுகச் சிறுகச் சேர்த்த பாத்திரமும் மெஷினுமே முதல் மூலதனம். அந்தக் கப்பல் நவம்பரிலேயே நின்றுவிட்டது. 2023-ஆம் வருஷம் அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடலாயிற்று. கப்பல் விடுவதில் காட்டிய சிரத்தையை, கப்பலில் ஏறுகிறவனின் மூட்டையைப் பற்றிய சட்டத்திலும் இரு சர்க்கார்களும் காட்ட வேண்டாமா?

பிற தேசங்களில் என்ன நடக்கிறது? ஐரோப்பிய யூனியனின் 2009-ஆம் வருஷத்து 1186-ஆம் இலக்க விதி, வெளியே பன்னிரண்டு மாதம் வாசம் செய்தவனுடைய சாமானைத் தீர்வையின்றி விடுகிறது. வாசத்தைக் கேட்டதோடு நில்லாமல், அச்சாமான் ஆறு மாதமேனும் உபயோகிக்கப்பட்டிருக்க வேண்டும், வந்தபின் பன்னிரண்டு மாதத்துக்குள் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று சாமானைப் பற்றியும் கேட்கிறது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் இன்னும் நேரான வழியைக் கைக்கொள்கிறது. வருகிறவன் தன் வீட்டிலே ஒரு வருஷமேனும் உபயோகித்த மேஜை, நாற்காலி, புஸ்தகம் முதலியன, பிறருக்கென்றோ விற்பனைக்கென்றோ வராதவரையில் தீர்வையற்றவை. அங்கே சட்டம் பொருளின் சரித்திரத்தைக் கேட்கிறது; மனிதனின் அந்தஸ்தைக் கேட்கவில்லை. அதிகம் வருந்தாமல் கைக்கொள்ளக்கூடிய முறை இது.

இதற்குச் சொல்லப்படும் ஆக்ஷேபம் கள்ளக் கடத்தல். நம் கரையிலே கடத்தல் இல்லையென்று நாம் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் தங்கமும், பீடி இலையும், மஞ்சளும், கடல் அட்டையும் பிடிபடும் செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். ஆனால் தங்கம் கடத்துகிறவன் சுங்கச் சாவடியிலே ஜாபிதா எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டிலையும் பீரோவையும் இறக்குவதில்லை. அவன் இருளிலே படகேறுகிறான். பெட்டிக்குள் கள்ளப்பொருள் ஒளிந்திருக்குமென்று சந்தேகமிருந்தால் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். அதற்கு அதிகாரம் உண்டு. பதினோரு மாதம் இருந்தவன் கள்ளன், பதின்மூன்று மாதம் இருந்தவன் யோக்கியன் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. வருமானம் குறையுமென்பது மற்றோர் ஆக்ஷேபம். துறைமுகத்தின் வருமானம் பெட்டகம் பெட்டகமாக வந்திறங்கும் வியாபாரச் சரக்கிலிருந்து வருவது. பழைய பாத்திரத்தில் அதைத் தேடுவது பெரிய சர்க்காருக்கு அழகன்று.

ஆகவே நாம் கோருவன இவை. முதலாவது, ஆறு மாதமேனும் சொந்தத்தில் உபயோகித்த சாதாரண வீட்டுச் சாமானுக்கு, உடையவன் எத்தேசத்துப் பிரஜையாயினும், எவ்வளவு காலம் வெளியே இருந்தவனாயினும், தீர்வை கூடாது. தங்கக் கட்டி, ஆயுதம், மதுபானம் போன்றவற்றுக்கு இப்பேச்சு பொருந்தாது. இரண்டாவது, ஒரு வருஷத்துக்குள் விற்பதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, மீறினால் முழுத் தீர்வையும் அபராதமும் வசூலிக்கலாம். மூன்றாவது, கடைச் சீட்டு இல்லாதவனிடம் சீட்டைக் கேட்டு வருத்தாமல், அவன் எழுதித்தரும் ஜாபிதாவையும் பொருளின் தேய்மானத்தையும் பார்த்து மதிப்பிட வேண்டும். நாலாவது, வேலை இழந்தோ கலகத்துக்கு அஞ்சியோ திரும்புகிறவனின் பின்வரும் மூட்டைக்கு ஒரு வருஷ அவகாசம் உரிமையாகவே அளிக்கப்பட வேண்டும். ஐந்தாவது, முகாமிலுள்ள இலங்கைத் தமிழரில் திரும்ப விரும்புகிறவர்களின் சாமான் இரு கரையிலும் தடையின்றிச் செல்ல, 1964-ஆம் வருஷத்து ஷரத்தைப் போல, ஆனால் தொகை வரம்பின்றி, இந்திய இலங்கை சர்க்கார்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். இவ்விதிகளெல்லாம் துறைமுகங்களில் தமிழிலே அச்சிட்டு ஒட்டப்பட வேண்டும். தனக்குள்ள உரிமை இன்னதென்று தெரியாதவனுக்கு அவ்வுரிமையினால் பயனில்லை.

நமது ஊழியர்களுக்கும் இதில் வேலை உண்டு. தூத்துக்குடி, நாகப்பட்டினம், இராமேசுவரம் முதலிய ஊர்களிலுள்ள தொழிலாளர் சங்கத்தாரும் வக்கீல்களும் வாலிபர்களும், இவ்வாறு தீர்வை கட்ட நேர்ந்தவர்களின் ரசீதுகளைச் சேகரித்து, பார்லிமெண்டு அங்கத்தினர்களிடம் கொடுத்துக் கேள்வி எழுப்பச் செய்யலாம். புறப்படும் அகதிக் குடும்பங்களுக்குச் சாமான் ஜாபிதா எழுதிக்கொடுக்கலாம். சிறிய வேலையென்று இதை ஒதுக்குதல் தகாது. நமது துறைமுகம் 2011 முதல் ஸ்ரீமான் சிதம்பரம் பிள்ளையின் திருநாமத்தைத் தாங்கி நிற்கிறது. அவர் கப்பல் விட்டது நம்மவர் மானத்தோடு கடல் கடந்து போய்வர வேண்டுமென்பதற்காக. அவர் பெயர் எழுதிய வாசலிலே, பிழைப்பிழந்து திரும்பும் ஒரு குடும்பம் தன் சொந்தப் பாத்திரத்தை மீட்கக் கடன் வாங்கி நிற்குமானால், அந்தப் பெயருக்கு நாம் செய்த மரியாதை பூர்த்தியாகவில்லை. சர்க்கார் இதனை விரைந்து கவனிக்குமென்று எதிர்பார்க்கிறோம். கவனிக்கும்வரை ஓயாமல் கேட்பது நம்மவர் கடமை.